அக்கா பாஸ்

எங்க அக்கா தன் ஆயுசுல ஒரே ஒரு பரீட்சையில பாஸ் ஆனா. அதுலயும் ஃபெயில் ஆகியிருக்கக் கூடாதான்னு நான் வாய்விட்டுச் சொன்னா, இவளெல்லாம் கூடப்பிறந்தவளான்னு கேப்பீங்க. கேளுங்க. ஆனா முழுக் கதையையும் கேட்டுட்டு அப்புறமாக் கேளுங்க.

அக்காவுக்கு நாப்பத்தஞ்சைத் தாண்டியாச்சு. என்னைவிட மூணு வயசு மூத்தவ. கொஞ்சம் மெதுவுன்னுதான் அம்மா அவளைப் பத்திச் சொல்லுவா. வேற வார்த்தை சொன்னவங்க வீட்டு வாசலை அம்மா அப்புறம் மிதிச்சதே கிடையாது. நடந்தது மெதுவா, பேசினது மெதுவா, பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்பை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. அவ அங்கேயே உக்காந்திருந்ததுல நான் போய் அவளைப் பிடிச்சுட்டேன். ஒரு வருஷம் ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்ச். வருஷக் கடைசியில நான் பாஸ், அவ ஃபெயில். அவளுக்கு அதுல துளிகூட வருத்தம் இல்ல. நீ முன்னாடி போ பாப்பா, நான் பின்னாடியே வரேன்னு சொல்லிட்டு, என் பையையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்தா.

அழுதது அம்மாதான். என் பொண்ணு பாஸுன்னு ஒரே ஒரு தடவை காதால கேட்டுட்டாப் போதும், நிம்மதியாக் கண்ணை மூடிடுவேன்னு அடிக்கடி சொல்லுவா. கேக்காமலேதான் கண்ணை மூடினா. ஆனா அந்த வார்த்தை அக்காகிட்ட பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு அவளுக்கு இலவச பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்தேன். அந்த அட்டையை என் மூக்குக்கு நேரா நீட்டி, பாப்பா நான் பாஸுன்னு சொன்னா. நான் சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு. அவளும் கூடச் சேர்ந்து சிரிச்சா, ஆனா அவ சிரிச்சது வேற காரணத்துக்கு.

சின்ன வயசுல அவளுக்கு ஒரு டெஸ்ட் வெச்சு அம்பத்தெட்டுன்னு ஒரு நம்பர் கொடுத்தாங்க. ஒரு ஆளுக்குப் புத்தி எவ்வளவுன்னு அளந்து பார்க்கிற டெஸ்ட். சாதாரண ஆளுங்களுக்கு நூறை ஒட்டி வருமாம். அம்பத்தெட்டுன்னதும் பள்ளிக்கூடத்துல கும்பிடு போட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அக்கா வீட்டுலயேதான் இருந்தா. அம்மா இருந்த வரைக்கும் அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியல. அம்மா போனதும் வீட்டுல நாங்க ரெண்டு பேர் மட்டும். எனக்குக் கல்யாணம் ஆச்சு, ஆனா நிக்கல, அந்தக் கூத்தை இன்னொரு நாள் சொல்றேன்.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில ரிசப்ஷன்ல உக்காந்திருக்கேன். காலையில போனா சாயங்காலம்தான் வருவேன். அக்காவைத் தனியா விட்டுட்டுப் போனா, மூடி வெச்ச சாப்பாடு வெச்ச இடத்துலயே இருக்கும், தொட்டிருக்க மாட்டா. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நான் வர்ற வழியையே பார்த்துக்கிட்டு நிப்பா. கம்பியோட துரு உள்ளங்கையில கோடு கோடா ஒட்டியிருக்கும். ஒரு நாள் எனக்கு டீ போட்டு வைக்கலாம்னு கேஸைத் திறந்தவ, பத்த வைக்க மறந்துட்டா. நான் வந்து கதவைத் திறந்ததும் குப்புன்னு அடிச்ச நாத்தத்துல எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. அவ ஜன்னல்கிட்ட நின்னதாலதான் பிழைச்சா.

அந்தச் சமயத்துலதான் பட்டறையில இடம் கிடைச்சுது. அக்கா மாதிரி இருக்கிற பெரியவங்களுக்குன்னே நடத்தற இடம். ஒரு பொம்மைக் கம்பெனிக்குப் பெட்டி அடுக்கித் தர்ற வேலை. சின்னச் சின்ன சதுர மரக்கட்டை. ஒரு பக்கம் முழுச் சிவப்பு, ஒரு பக்கம் முழு வெள்ளை, இன்னொரு பக்கம் குறுக்கால கோடு போட்டுப் பாதி சிவப்பு பாதி வெள்ளை. பெட்டியோட மூடியில ஒரு டிசைன் அச்சடிச்சிருக்கும். நட்சத்திரம், வீடு, மீன்னு வாரத்துக்கு ஒண்ணா மாறும். அதைப் பார்த்து அதே டிசைன் வர்ற மாதிரி கட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பெட்டிக்குள்ள அடுக்கணும். தப்பா அடுக்கினா, கம்பெனிக்காரங்க அதுல ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிப் பட்டறைக்கு, அடுக்கின அதே மேஜைக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க. திரும்பி வந்த பெட்டின்னு அதுக்குப் பேரு. முதல்ல அக்காவுக்குத் தினமும் திரும்பி வந்துச்சு. அழுதுக்கிட்டே பிரிச்சு, அழுதுக்கிட்டே அடுக்குவா. நாளாக ஆகக் குறைஞ்சுது, அப்புறம் நின்னே போச்சு. சாயங்காலம் நான் வீட்டுக்குள்ள செருப்பைக் கழட்டறதுக்குள்ள, இன்னிக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வரலைன்னு சொல்லிட்டுத்தான் தண்ணியே கொடுப்பா.

பக்கத்து நாற்காலியில ஒருத்தர் இருந்தார். முன்பல் ரெண்டும் இல்ல, பேச்சும் வராது. ஒரு பெட்டி முடிஞ்சா அந்தச் சந்து வழியா ஒரு விசில் அடிப்பார், அவ்வளவுதான். விசில்னே பேராயிடுச்சு. எங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்ப் பல் கட்டி விடட்டுமான்னு ஒரு தடவை அக்காகிட்ட கேட்டேன். அவ என்னை முறைச்ச முறையில வாயை மூடிக்கிட்டேன். பல்லைக் கட்டிட்டா விசில் எப்படி வரும்? அவருக்கு டிசைனைப் பார்த்து அடுக்க வராது. அக்கா பக்கத்துல உக்காந்து சிவப்பு, வெள்ளை, பாதின்னு வரிசையாச் சொல்லச் சொல்ல அடுக்குவார். முடிஞ்சதும் ரெண்டு பேருக்குமா சேர்த்து விசில் அடிப்பார். பட்டறையில எல்லாரும் அக்காவைச் சூப்பர்வைசர்னுதான் கூப்பிடுவாங்க. கிண்டலுக்குத்தான் கூப்பிட்டாங்க, ஆனா அவ அதைக் கிண்டலா எடுத்துக்கவே இல்ல.

நல்லாப் போயிட்டிருக்கிற வண்டிக்குத்தான் எங்கிருந்தோ ஒரு ஆணி வந்து சேரும். போன வருஷம் மேலிடத்துலேர்ந்து ஒரு உத்தரவு வந்துச்சு. பட்டறையில இருக்கிற எல்லாருக்கும் புதுசா அந்த டெஸ்ட் வைக்கணுமாம். எழுபது வரைக்கும் வந்தா இடம் உண்டு. எழுபதைத் தாண்டினா கிடையாது, வெளியில காத்திருக்கிறவங்களுக்கு அந்த இடம் போயிடும். வாசல்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வர்ற அம்மாக்களுக்கு வேற பேச்சே இல்ல. ஒரு அம்மா தன் மகனுக்கு, எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுடான்னு பாடம் நடத்தியிருக்காங்க. அன்னிலேர்ந்து அவன் வீட்டுல, பசிக்குதான்னு கேட்டாலும் தெரியாதுங்கிறானாம். தலையில அடிச்சுக்கிட்டு சொன்னாங்க, நாங்க எல்லாரும் சிரிச்சோம். எனக்குப் பெரிசாக் கவலை இல்ல. அம்பத்தெட்டு எங்க, எழுபது எங்க.

இருந்தாலும் மனசு கேக்கல. டெஸ்ட் அன்னிக்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ல போகும்போது, எல்லாத்துக்கும் சரியாத்தான் சொல்லணும்னு இல்லக்கா, ஒண்ணு ரெண்டு தப்பா வந்தாலும் பரவாயில்லன்னு பேச்சோட பேச்சாச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்துடுச்சு. தப்பாச் செஞ்சா பெட்டி திரும்பி வந்துடும், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டா. ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு ஆயா வந்து, டெஸ்டுக்கு வந்தவங்க இப்படி உக்காருங்கன்னு சத்தம் போட்டாங்க. டெஸ்ட்னு கேட்டதும் அக்கா நிமிர்ந்து உக்காந்தா. தலையைத் தடவிச் சரி பண்ணிக்கிட்டா. அவளுக்குத் தெரிஞ்ச வார்த்தை அது.

டெஸ்ட் எடுத்தது ஒரு சின்ன வயசுப் பொண்ணு. முகத்துல பாதிக்கு மூக்குக்கண்ணாடி. கண்ணாடி மேடம்னு வெச்சுக்கோங்க. என்னையும் உள்ள விட்டாங்க, ஆனா அக்காவுக்குப் பின்னாடி சுவத்தை ஒட்டி உக்காரணும், வாயைத் திறக்கக் கூடாது. எனக்கா, வாயைத் திறக்காம இருக்கிறதா? ரெண்டு கையாலயும் கைப்பையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மேஜைக்கும் நாற்காலிக்கும் என்ன ஒற்றுமைன்னு மேடம் கேட்டாங்க. அக்கா நல்லா யோசிச்சு, ரெண்டும் எங்க வீட்டுல ஆடும்னு சொன்னா. உண்மைதான், அட்டையை மடிச்சுக் காலுக்கு அடியில வைக்கணும்னு நானும்தான் நினைச்சுக்கிட்டே இருக்கேன். ஆனா அதுக்கு மார்க் இல்ல போல. ஒரு கடையிலேர்ந்து புகை வருது, முதல்ல பார்த்தது நீங்கதான், என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. பாப்பாவைக் கூப்பிடுவேன்னு சொன்னா. நாலு நம்பரைச் சொல்லித் திருப்பிச் சொல்லுங்கன்னதும் முழிச்சா. மீதிச் சில்லறை எவ்வளவுன்னு கணக்கு கேட்டதும் என்னைத் தேடித் திரும்பினா. அவ ஒவ்வொண்ணா விட விட எனக்கு நிம்மதியா இருந்துச்சு. என்ன பிழைப்பு பாருங்க.

அப்புறம் மேடம் மேஜைக்கு அடியிலேர்ந்து ஒரு பெட்டியை எடுத்துக் கவிழ்த்தாங்க. சிவப்பு, வெள்ளை, பாதிப் பாதி. நான் நாற்காலி நுனிக்கு வந்துட்டேன்.

அக்கா வாயெல்லாம் பல்லா, "இது எங்க கட்டை. மூடி எங்க மேடம்?"னு கேட்டா.

மேடத்துக்கு அது புரியல. என்னமோ விளையாட்டாச் சொல்றான்னு நினைச்சு, சிரிச்சுட்டு, டிசைன் போட்ட ஒரு அட்டையை எடுத்து வெச்சாங்க. இதே மாதிரி அடுக்குங்க, எவ்வளவு சீக்கிரம் முடியுதோ அவ்வளவு நல்லதுன்னு சொல்லி, கடிகாரத்தை அமுக்கினாங்க. அவங்க கை மேஜைக்குத் திரும்பி வர்றதுக்குள்ள அக்கா முடிச்சுட்டா. அடுத்த அட்டை. அதுவும் முடிஞ்சுது. போகப் போகக் கஷ்டமான டிசைன், கட்டைக்குக் கட்டை பிரிச்சுக் காட்டற கோடெல்லாம் அழிச்சது, சாய்ச்சு வெச்சது. அக்காவோட கை மட்டும் தனியா வேற யாரோட கையோ மாதிரி ஓடுச்சு. ஒவ்வொண்ணு முடிஞ்சதும் அதைக் கொஞ்சம் வலது பக்கமா நகர்த்தி வெச்சுட்டு, தலையைச் சாய்ச்சுக் காத்திருந்தா. எதுக்குன்னு மேடத்துக்குத் தெரியல. விசிலுக்குக் காத்திருந்தா. கடைசி அட்டையும் முடிஞ்சதும் என் பக்கம் திரும்பி, ஒண்ணுகூடத் திரும்பி வரல பாப்பான்னு சொன்னா. வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களே, நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த வாரம் ரிசல்ட் சொல்லக் கூப்பிட்டாங்க. அக்கா நானும் வருவேன்னு ஒத்தக் காலுல நின்னா. எழுபத்தி மூணுன்னு மேடம் சொன்னாங்க. அக்கா மேஜை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு, பாஸான்னு கேட்டா. அந்தப் பொண்ணு பாவம், நல்ல மனசுலதான் சொன்னாங்க, ஆமாம்மா, ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க, பாஸ்தான்னு. பெட்டிக்காக அழுததை விட்டா, அவ கண்ணு கலங்கி நான் பார்த்தது அம்மா போன அன்னிக்கு, அப்புறம் அன்னிக்குத்தான். அம்மாகிட்ட சொல்லணும் பாப்பான்னு சொன்னா. சொல்லலாம்க்கா, நீ போய் வராந்தாவுல உக்காருன்னு அனுப்பி வெச்சுட்டுக் கதவைச் சாத்தினேன்.

அப்புறம் ஆடினேன் பாருங்க. அந்தக் கட்டையை வெச்சுத்தான் அவ தினம் வேலை செய்யறா, வருஷக்கணக்கா அதே வேலை, அதைப் போய் அவகிட்ட கொடுத்து எவ்வளவு வேகம்னு பார்த்தா வேகமாத்தானே இருக்கும்னு கேட்டேன். மேடம் பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க. பட்டறையில என்ன வேலைன்னு யாரும் அவங்களுக்குச் சொல்லல. பெட்டி அடுக்கற வேலைன்னு மட்டும் தாள்ல இருந்துச்சாம், அட்டைப் பெட்டின்னு நினைச்சிருக்காங்க. மத்த கேள்விக்கெல்லாம் உங்க அக்கா சின்னக் குழந்தை அளவு, கட்டையில மட்டும் என்னையே மிஞ்சிட்டாங்க, ரெண்டையும் கூட்டிப் போட்டதுல வந்த நம்பர் இதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அதுவும் சரியா எழுபத்தி மூணுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதாம். அறுபத்தி எட்டுலேர்ந்து எழுபத்தி எட்டுக்குள்ள எங்கேயோ ஒரு இடமாம்.

எங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தாலும், டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துட்டு, எங்க வலிக்குதுன்னு கேட்டுட்டுத்தான் பல்லுல கையை வைப்பார், நீங்க எக்ஸ்ரேவைப் பார்த்தே பல்லைப் பிடுங்கறீங்களேன்னு கேட்டேன். அவங்க என்னை எதுத்துப் பேசல.

"அன்னிக்கு இந்த மேஜையில என்ன செஞ்சாங்கன்னு மட்டும்தான் இந்த நம்பர் சொல்லும். அவங்களால தனியா இருக்க முடியுமான்னு சொல்லாது. அதை யாரும் என்கிட்ட கேக்கவும் இல்ல," அப்படின்னாங்க.

மூணு மார்க் குறைச்சுப் போடுங்கன்னு கெஞ்சினேன். கால்ல விழறது ஒண்ணுதான் பாக்கி. அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. இன்னிக்கு உங்களுக்காக மூணு குறைச்சா நாளைக்கு இன்னொருத்தருக்காக மூணு கூட்டணும், அப்புறம் நான் எழுதறதை நம்பி நிஜமாவே தேவைப்படறவங்களுக்குக்கூட எதுவும் கிடைக்காதுன்னு சொன்னாங்க. வயித்தெரிச்சலா இருந்துச்சு. ஆனாலும் கட்டைக் கதையை, கேஸ் கதையை, எல்லாத்தையும் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதி ரிப்போர்ட்டோட சேர்த்து வெச்சாங்க. அந்தப் பொண்ணைத் திட்டணும்னு இன்னிக்கும் வாய் வருது, மனசு வர மாட்டேங்குது.

மேலிடத்து ஆபீஸுல ஒரு ஆள் அந்தப் பக்கத்தை நிதானமாப் படிச்சார். கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் போடத்தான் இடம் இருக்காம், இதுலேர்ந்து இது வரைக்கும்னு போட இடம் இல்லையாம். அப்புறம் முகத்தை மலர்ச்சியா வெச்சுக்கிட்டு, பட்டறையில வேலை செஞ்சு உங்க அக்கா முன்னேறியிருக்காங்கன்னுதானே இதுல எழுதியிருக்கு, நல்ல விஷயம்தானே, வாழ்த்துக்கள்மான்னார். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். முழுசாக் கேட்டுட்டு, ஒரு டம்ளர் தண்ணி கொடுத்து, அடுத்த வருஷம் மறு டெஸ்டுக்கு மனு போடுங்கன்னார். பல்வலியில கத்தறவங்களுக்கு நானும் தினம் அதைத்தான் செய்யறேன். தண்ணியைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

பட்டறையில கடைசி நாள் அன்னிக்கு அக்கா ஒரு பெரிய சாக்லேட் பாக்கெட்டோட போனா. பாஸ் ஆனவங்க கொடுக்கணும்னு அவளுக்குத் தெரியும், அந்தக் காலத்துல நான் கொடுத்ததைப் பார்த்தவதானே. ஒவ்வொரு மேஜையா நின்னு, நான் பாஸ், நான் பாஸுன்னு சொல்லிச் சொல்லிக் கொடுத்தா. அவங்களும் கை தட்டினாங்க. பட்டறையைப் பார்த்துக்கிற சார் சாக்லேட்டை வாங்கிக் கையிலயே வெச்சுக்கிட்டு நின்னார். அடுத்த வகுப்பு எங்க சார்னு அக்கா அவரைக் கேட்டா. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவத்துல இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

விசிலுக்கு மட்டும் ரெண்டு சாக்லேட். அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்து, அவர் கையைப் பிடிச்சுக் கட்டை மேல வெச்சா.

"நான் முன்னாடி போறேன். நீ பின்னாடியே வா," அப்படின்னா.

எனக்கு அங்கே நிக்க முடியல. வெளியில வந்து செருப்பைத் தேடற மாதிரி குனிஞ்சு நின்னேன்.

திங்கட்கிழமை காலையில அவ குளிச்சு, தலை சீவி, பஸ் பாஸைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னா. எந்த வகுப்பும் இல்லக்கா, இனிமே வீடுதான்னு எத்தனையோ விதமாச் சொல்லிட்டேன். பாஸ் ஆனா அடுத்ததுக்குப் போகணும், உனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறா. மாடி வீட்டு அம்மாகிட்ட பார்த்துக்கச் சொல்லிட்டு வேலைக்குப் போனேன். அவங்க குளிக்கப் போன நேரத்துல அக்கா கிளம்பிப் போய்ப் பட்டறை கேட்டுல நின்னுட்டா. வாட்ச்மேன் எனக்கு போன் பண்ணினார். உள்ள விடவும் முடியல, போகச் சொல்லவும் வாய் வரலைன்னார். நான் போனப்ப வெயில்ல கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பாஸ் ஆனவங்க உள்ள போகக் கூடாதாம் பாப்பான்னு என்கிட்ட சொன்னா. யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க, நீ வந்து சரியாக் கேளுங்கிற மாதிரி சொன்னா.

அதோட விட்டாங்களா? அந்தப் பஸ் பாஸும் அந்த நம்பரை வெச்சுக் கொடுத்ததுதானாம். அதையும் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. பாஸ் ஆனதுக்குப் பாஸைப் பிடுங்கின ஊரு இது, போங்க.

இப்ப கேஸ் அடுப்பைப் பூட்டி வெச்சுட்டுத்தான் போறேன். மூடி வெச்ச சாப்பாடு மூடினபடியே இருக்கு. ஜன்னல்ல பழைய இடத்துலயே நிக்கறா, சாயங்காலம் அவ கையைக் கழுவி விட்டா தண்ணி துரு நிறத்துல ஓடுது. ஒண்ணுகூடத் திரும்பி வரலைன்னு சொல்ல அவகிட்ட ஒண்ணும் இல்ல, அதனால நான் வந்ததும் ஒண்ணும் சொல்லாம தண்ணி கொடுக்கறா. பட்டறை சாரை ஒரு நாள் கடைத்தெருவுல பார்த்தேன். விசில் பக்கத்துல வேற ஒருத்தரை உக்கார வெச்சுப் பார்த்தோம், விசில் கையை மடியிலேர்ந்து எடுக்கவே மாட்டேங்கிறார்னார். விசில் சத்தமும் வர்றது இல்லையாம்.

மறு டெஸ்டுக்கு மனு போட்டிருக்கேன். தேதி வந்ததைக் கண்ணாடி மேடமே போன் பண்ணிச் சொன்னாங்க. இந்தத் தடவை வேற ஆள்தான் எடுப்பாங்களாம், ஆனா அதே டெஸ்ட், அதே கட்டை. எதையும் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வரக் கூடாதுங்கன்னாங்க. அப்புறம், அப்படிச் சொல்லிக் கொடுத்தா என்கிட்ட சொல்லிடாதீங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

கடைக்குப் போய் அந்தப் பொம்மைப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். மூடியில வீடு போட்டது. உள்ள கட்டையெல்லாம் கச்சிதமா, மூடியில இருக்கிற மாதிரியே அடுக்கியிருந்துச்சு. யார் அடுக்கினதோ, அக்காவே அடுக்கினதோ என்னமோ. அவ திறந்து பார்த்துட்டு, சரியா இருக்குன்னு தலையை ஆட்டினா.

அன்னிலேர்ந்து தினம் சாயங்காலம் அந்த ஆடற மேஜையில உக்காந்து அவளுக்குப் பாடம் நடத்தறேன். தப்பு பண்ற பாடம். எங்க அம்மா எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு எழுத்து சொல்லிக் கொடுத்த அதே மேஜை. இந்தச் சிவப்பு இருக்கிற இடத்துல வெள்ளையை வை அக்கான்னு சொல்லுவேன். வைப்பா. வெச்ச கையே திரும்பப் போய் அதைச் சிவப்பாத் திருப்பிடும். வேணும்னு செய்யறது இல்ல, அவ என் முகத்தைப் பார்த்துக்கிட்டிருக்கும்போதே கை போயிடும். மணிக்கட்டைப் பிடிச்சுப் பார்த்தேன். எரிஞ்சு விழுந்தேன். ஒரு தப்பு பண்ணக்கூட உனக்குத் துப்பு இல்லையான்னு கத்திட்டேன். அவ அழுதா, நான் அவளைக் கட்டிக்கிட்டு அழுதேன், பாடம் அன்னிக்கு அதோட முடிஞ்சுது.

நேத்து சாயங்காலம் அவ எல்லாத்தையும் அடுக்கி முடிச்சதும், வீட்டுக் கூரையில இருந்த ஒரு கட்டையை நானே எடுத்துத் தலைகீழாத் திருப்பி வெச்சேன். இப்படியே இருக்கட்டும்க்கா, கையை எடுன்னேன். அவ ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு, அது மேல உக்காந்துக்கிட்டா. அந்தக் கட்டையையே பார்த்துக்கிட்டிருந்தா.

"பாப்பா, இது தப்பு," அப்படின்னா.

ஆமாக்கா, தப்புதான்னு சொன்னேன்.

"தப்பான பெட்டி பட்டறைக்குத் திரும்பி வந்துடும்."

வரும்க்கான்னேன். அவ யோசிச்சா. அவ யோசிக்கிறதுக்கு நேரமாகும்னு எனக்குத் தெரியும், நான் அவசரப்படுத்தல. வெளியில எதிர்வீட்டுல யாரோ துணி உதறிக் காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க. அப்புறம் அக்கா என் பக்கமாச் சாய்ஞ்சு, காதுகிட்ட வந்து, வேற யாருக்கும் கேட்டுடக் கூடாதுங்கிற மாதிரி மெதுவாச் சொன்னா.

"அப்ப நானும் தப்பாயிட்டா திரும்பி வந்துடலாம். நான் ஃபெயிலாயிடறேன் பாப்பா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

சொல்ல மாட்டேன்க்கான்னு சொன்னேன். அவ ஒரு கையை வெளியில எடுத்து, பக்கத்துல இருந்த இன்னொரு கட்டையைத் தானாவே திருப்பி வெச்சுட்டு, கையைத் திரும்ப அடியில வெச்சுக்கிட்டா.